வெயிலை நம்பி மலை இறங்கியவர்கள்

மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குன்னூரில் சுள்ளென்று வெயில். அம்மா கொடி கட்டி, மூன்று நாளாக வாடை பிடித்துக் கிடந்த துணிகளை எல்லாம் காயப்போட ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்து கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு காலையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மலை இறங்க வேண்டாம் என்று யாருக்காவது தோன்றுமா? எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவுக்குக் கோவையில் கண்புரை ஆபரேஷன். முன்பணம் கட்டியாகிவிட்டது. மழை தொடர்ந்தால் தேதியைத் தள்ளிப்போடலாம் என்று வெள்ளிக்கிழமை பேசினோம், சனிக்கிழமையும் பேசினோம். ஞாயிறு வெயிலைப் பார்த்ததும் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டு போய்விட்டோம். நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான். மலையில் மழை பெய்யும்போது எல்லாரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். மழை விட்ட அன்றைக்குத்தான் ஏமாறுகிறோம்.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஒருவர் சொன்னார், மலை ரயில் இன்றைக்கும் ரத்து என்று. அதை நான் காதில் வாங்கவே இல்லை. மழைக்காலத்தில் அந்த ரயில் ரத்தாவது எங்களுக்கு வழக்கமான சங்கதி, டூரிஸ்ட்காரர்கள் பாடு என்று விட்டுவிடுவோம். இப்போது யோசித்தால் அதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை போட்ட அந்தத் தண்டவாளமும், நாம் பஸ்ஸில் போகும் ரோடும் ஏறக்குறைய ஒரே பள்ளத்தாக்கில், ஒரே மலைச்சரிவில்தான் மேலும் கீழுமாக ஓடுகின்றன. ரயில்வேக்காரர்கள் தண்டவாளத்தின் மேல் நடந்து பார்த்துவிட்டு இன்றைக்கு வேண்டாம் என்கிறார்கள் என்றால், அந்த மலையின் நிலைமையை நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். வெயில் அடித்தும் ரயில் ஓடவில்லையே, ஏன் என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு பஸ் கிளம்பியது. காட்டேரி பூங்காவைத் தாண்டும் வரை எல்லாம் அழகுதான். ஒவ்வொரு வளைவிலும் சின்னச் சின்ன அருவி, பள்ளத்தாக்கில் பஞ்சு மாதிரி மேகம், பின் சீட்டில் இருந்த ஒரு ஜோடி ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டே வந்தது. டிரைவர் மட்டும் வேடிக்கை பார்க்கவில்லை. வழக்கமாக இந்த ரூட்டில் பாட்டு ஓடும், அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டு, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டினார். எதற்கு என்று பிறகுதான் கேட்டேன். "சத்தம் கேக்கணும்லங்க" என்றார்.

மரப்பாலத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது முன்னால் வண்டிகள் நிற்பது தெரிந்தது. இரண்டு வளைவுக்குக் கீழே, ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து, அது பிடித்து வைத்திருந்த மண் மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிட்டது. மணி பத்தேகால் இருக்கும். எல்லாரும் இறங்கி எட்டிப் பார்த்தோம். ஜேசிபி வந்தால் ஒரு மணி நேர வேலை என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள்.

டிரைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் நின்ற இடத்துக்கு மேலே இருந்த மண் வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டை அகலப்படுத்த மலையைச் செங்குத்தாகச் சீவிய இடம் அது, செம்மண், மேலே நாலைந்து சீகை மரம். அதன் அடியிலிருந்து ஒரு ஊற்று ஓடிவந்து ரோட்டோரக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்தபோது டீ நிறத்தில் இருந்தது. டிரைவர் கண்டக்டரைக் கூப்பிட்டு, "பஸ்ஸைப் பின்னால எடுக்கணும், பின்வண்டியெல்லாம் நகத்தச் சொல்லு" என்றார். கண்டக்டர் ஒவ்வொரு கார் கண்ணாடியாகத் தட்டிக் கெஞ்சினார். பாதிப் பேர் முறைத்தார்கள், ஒருத்தர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம் எடுத்து, நூறு அடி பின்னால், மேலே வெறும் பாறையாகவும் ரோடு கொஞ்சம் அகலமாகவும் இருந்த இடத்தில் பஸ்ஸை ஒதுக்கினார். "பாறைன்னா அதும்பாட்டுக்கு நிக்கும்ங்க. மண்ணுதான் எப்ப வரும்னு சொல்ல முடியாது."

பன்னிரண்டு மணி வாக்கில், நாங்கள் முதலில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றிருந்த ஒரு கார் மேல் மண்ணும் கல்லும் விழுந்து பின்கண்ணாடி நொறுங்கியது. பெரிய சரிவெல்லாம் இல்லை, ஒரு டிராக்டர் லோடுகூட இருக்காது. காரில் அப்போது யாரும் இல்லை, எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். அதுவரை சத்தமாக இருந்த ரோடு அதற்குப் பிறகு அமைதியாகிவிட்டது. ஹாரன் அடித்தவர் எங்கள் டிரைவரிடம் வந்து, எங்கே நிறுத்தலாம் அண்ணா என்று கேட்டார்.

அந்த டிரைவர் இருபது வருடத்துக்கு மேல் இந்த ரோட்டில் ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டதையும், பிறகு நானாகத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் மலையில் பாறைக்கு மேல் பல அடி ஆழத்துக்கு மக்கிய செம்மண் இருக்கிறது. மழைத் தண்ணீர் அதற்குள் மெதுவாக இறங்கிப் பாறை வரை போய் நிற்கும், அதற்கு மேல் போக வழி இல்லாததால் அங்கேயே சேரும், மண் கனத்துப்போய் பாறை மேல் பிடிப்பு விட்டுப்போகும். கொட்டும்போதே சரிவதுதான் அதிகம், ஆனால் இரண்டு மூன்று நாள் ஊறிய மண்ணுக்கு மழை நின்ற பிறகும் உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மேலே வெயில் அடிப்பது அதற்குத் தெரியாது. இதில் நாம் வேறு ரோட்டுக்கும் ரிசார்ட்டுக்கும் மலையடியைச் சீவிவிட்டு, கால்வாயில் பாட்டிலைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் அவர் சொன்னது இதுதான். தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று கலங்கினால் நிற்காதே. ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரென்று குறைந்தால் இன்னும் மோசம், மேலே எங்கேயோ அடைத்திருக்கிறது. கோலிக்குண்டு அளவுக் கற்கள் ஒவ்வொன்றாக ரோட்டில் குதித்தால் அது வேடிக்கை இல்லை. மரமோ கரண்டு கம்பமோ நேற்று நின்றதுபோல் இல்லாமல் சாய்ந்து நின்றால் அதன் கீழே வண்டியை நிறுத்தாதே. இதே மரப்பாலத்தில் 1993 நவம்பரில் மண் சரிந்து, நின்றிருந்த பஸ்களும் அடித்துக்கொண்டு போய்ப் பல பேர் இறந்தார்கள். இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு சுகர். காலை எட்டு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தார். பஸ் பயணத்தில் வாந்தி வரும் என்று பயந்து குறைவாகச் சாப்பிட்டார், பதினொரு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் இறங்கி டிபன் சாப்பிடலாம் என்பது கணக்கு. ஒரு மணிக்கு அவர் நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் எல்லாரும் போர்த்திக்கொண்டிருக்கும்போது இவருக்கு மட்டும் சட்டை நனைந்தது. கை நடுங்கியது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். சுகர் இறங்குகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் பையில் என்ன இருந்தது தெரியுமா? ஆஸ்பத்திரி ஃபைல், இரண்டு வேட்டி, துண்டு, சோப்பு, மாத்திரை. தின்ன ஒரு பிஸ்கட்கூட இல்லை. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு எதற்கு என்று நான்தான் எடுத்து வைக்கவில்லை.

பின் சீட்டு ஜோடிதான் ஊட்டியில் வாங்கிய ஹோம்மேட் சாக்லேட் டப்பாவைப் பிரித்து நீட்டியது. யாருக்கோ பரிசாகக் கொடுக்க வாங்கிய டப்பா, மேலே ரிப்பன்கூட இருந்தது. அப்பா நாலு துண்டு சாப்பிட்டார், ஒரு பாட்டி பிளாஸ்கில் இருந்து சர்க்கரை போட்ட டீ ஊற்றிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் மனிதர் தெளிந்துவிட்டார். பிறகு ஒரு நர்ஸ் அக்கா சொன்னார், சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும், உன் அப்பாவைக் காப்பாற்றியது டீதான் என்று. அன்றையிலிருந்து என் கைப்பையில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் நிரந்தரம். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால், எவ்வளவு கிட்டே போனாலும் சரி, இன்னொரு வேளைச் சாப்பாடு கையில் இல்லாமல் மலை ரோட்டில் ஏறாதீர்கள்.

யாரும் எழுதாத இன்னொரு விஷயம், பாத்ரூம். ஆறு மணி நேரம் ஒரு பஸ்ஸில் பதினாலு பெண்கள். ஆண்கள் பாட்டுக்கு வளைவுக்குப் பின்னால் போய்வந்தார்கள். நாங்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்து பார்த்தோம், முடியவில்லை. கடைசியில் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரு அக்கா போர்வையைப் பிடித்துக்கொள்ள, கீழ்ப்பக்கச் சரிவில் புதர் ஓரமாகப் போனோம். மேல் பக்கம் போகாதீங்க, மண் இளகியிருக்கு என்று பாட்டி சத்தம் போட்டார். திரும்பி வந்து பார்த்தால் என் கெண்டைக்காலில் இரண்டு அட்டை. பிய்த்து எடுக்காமல் உப்பு வைத்தால் தானே விழும் என்பார்கள், உப்புக்கு எங்கே போவது, நகத்தால் தள்ளிவிட்டேன், சாயங்காலம் வரை ரத்தம் நிற்கவில்லை. இப்போதெல்லாம் பையில் ஒரு பழைய போர்வையும் ஒரு பொட்டலம் உப்பும் இருக்கும், வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

போன் பாதி இடத்தில் டவர் எடுக்கவில்லை. எடுத்த இடத்தில் எல்லாரும் வீடியோ அனுப்பிச் சார்ஜைத் தீர்த்தார்கள். நானும்தான்.

நாலரை மணிக்கு, போலீஸ்காரர்கள் மேலேயிருந்து வந்து கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டார்கள். ஐந்தரைக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் திரும்பவும் இறங்கினோம். அங்கே ஒரு டாக்ஸிக்காரர் கோத்தகிரி வழியாகக் கோவைக்கு ஐயாயிரம் கேட்டார். எனக்கு ஏறிவிடலாம் என்றுதான் இருந்தது, ஆபரேஷன் போய்விடுமே. அப்பா மறுத்துவிட்டார். இருட்டில், ஊறிய மலையில், வண்டியெல்லாம் அந்த ஒரே ரோட்டுக்குத் திரும்பியிருக்கும்போது, குஞ்சப்பனை பக்கம் யானை வேறு நிற்கும், கண் தெரியாதவன் நானா நீயா என்று கேட்டார். வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், வராததற்கு முன்பணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். ரோடு மூடியிருந்த செய்தியைக் காட்டிப் பேசிப் பார்த்தேன், பாதியைக் கழித்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள், நீலகிரியில் மழையா, வரலாமா என்று. நீலகிரி முழுக்க ஒரே மழை கிடையாது, அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலும் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிப்பது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, குந்தா பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது குன்னூரில் எங்கள் தெருவில் குடை பிடித்துக் காய்கறி வாங்கப் போய்வந்தோம். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை நேராக மோதுவது குன்னூர், கோத்தகிரி, கிழக்குச் சரிவு. 2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கும் கேத்தியில் 82 செ.மீ. கோவையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே அந்த அளவுக்கு வராது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் ரோடும் தண்டவாளமும் சேர்ந்தே போய்விட்டன. எங்கள் வகுப்பில் ஒரு பெண் அதற்குப் பிறகு மழை பெய்யும் இரவுகளில் தூங்கவே மாட்டாள்.

அதனால் வானிலை அறிவிப்பில் மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போடுவதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எந்த மாதம், எந்தப் பக்கம், எத்தனை நாளாகப் பெய்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முக்கியமாக அந்தக் கடைசிக் கேள்வி. இன்றைக்கு மஞ்சள் என்று போட்டிருப்பார்கள், ஆனால் முந்தின மூன்று நாளும் சிவப்பாக இருந்திருக்கும். மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அபாயப் பகுதி என்று பட்டியல் போட்டு, மழைக்காலத்தில் அங்கங்கே முன்கூட்டியே ஜேசிபியும் மணல் மூட்டையும் வைக்கிறது. உங்கள் ரூட்டில் ஜேசிபி சும்மா நிற்பதைப் பார்த்தால், அது ஏன் அங்கே நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் என்றால் 1077-க்கு அடித்துக் கேட்கலாம், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை.

டூரிஸ்ட்களுக்கு ஒரு வார்த்தை. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்க வேண்டும். பாஸ் கிடைத்துவிட்டதே, அப்போது ரோடு திறந்திருக்கிறது என்று நினைத்து வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பாஸ் எடுப்பது கூட்டத்தைக் கணக்கெடுக்கவும் கட்டுப்படுத்தவும்தான், மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்புறம், ஒரு ரோடு மூடினால் மேப் உடனே இன்னொரு ரோட்டைக் காட்டும். மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் ரோட்டில் 43 கொண்டை ஊசி வளைவு, நடுவில் வெறும் காடு, பஞ்சர் ஆனால் கேட்க ஆள் கிடையாது. மேப்புக்கு அது வெறும் கோடு. மழை நாளில் குறுக்கு வழி தேடுவதைவிட, இருக்கிற இடத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்குவது மலிவு.

ரோடு மூடினால் மேலே இருப்பவர்கள் வாழ்க்கையும் நின்றுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாவது நாள் கேஸ் லாரி வராது. பெட்ரோல் பங்கில் வரிசை. தோட்டத்திலிருந்து பிடுங்கிய கேரட்டும் பீட்ரூட்டும் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக முடியாமல் மூட்டையிலேயே கிடக்கும், இங்கே தெருவில் சல்லிசாகக் கிடைக்கும். கீழேயிருந்து வர வேண்டிய தக்காளி, வாழைப்பழம் விலை ஏறும். கரண்டு போனால் டவர் போகும், டவர் போனால் ஜிபே போகும், ஏடிஎம் படுத்துவிடும், அப்போது பத்து ரூபாய் நோட்டு வைத்திருக்கிறவன்தான் ராஜா. மழைக்காலம் முழுக்க வீட்டில் சில்லறையாக இரண்டாயிரம் ரூபாய் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறோம், அம்மா அதில் அவ்வப்போது கை வைப்பது தனிக் கதை. பள்ளி விடுமுறை அறிவிப்பு பிள்ளைகள் ஷூ போட்ட பிறகுதான் வரும், அதற்கு மட்டும் எந்தத் தீர்வும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அப்பாவின் இரண்டாவது தேதி. இந்த முறை ஆபரேஷனுக்கு முந்தின நாள் போகவில்லை, மூன்று நாள் முன்னாலேயே, காய்ந்த நாளாகப் பார்த்து, காலை எட்டு மணி பஸ்ஸில் இறங்கி மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் தங்கிவிட்டோம். சித்திக்குச் சிரமம்தான். அப்பா அவர் வீட்டு மாமரத்தை மூன்று நாளும் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அன்றைக்கு மாட்டிக்கொண்டபோது, மரப்பாலம் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் கேனில் டீ எடுத்துக்கொண்டு வரிசை நெடுக நடந்து வந்தார். அவர் நம்பரை அப்போதே வாங்கி வைத்துக்கொண்டேன். மழை நாளில் மலை இறங்குவதற்கு முன்னால் இப்போது அவருக்குத்தான் முதல் போன். "அண்ணா, ஊத்துத் தண்ணி எப்படி வருது?" என்பேன், அவர் கடைக்கு வெளியே வந்து பார்த்துவிட்டுச் சொல்வார். இந்த நவம்பரில் மூன்று முறை கூப்பிட்டேன். இரண்டு முறை, தெளிவாத்தான் வருது, வாங்கம்மா என்றார். மூன்றாவது முறை ரிங்கே போகவில்லை. பையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப பீரோவில் அடுக்கிவிட்டேன்.